காரணி தெரியாத பகு எண்: 2^1277 − 1 பற்றிய கேள்விகளும் பதில்களும்

இரண்டை 1277 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 385 இலக்க எண் ஒன்று வரும். அது பகு எண் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. ஆனால் 1-ஐயும் அதையும் தவிர அதை மீதியின்றி வகுக்கும் எண் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. வந்த கேள்விகளில் சில:

காரணியே தெரியாமல் பகு எண் என்று எப்படிச் சொல்ல முடியும், சார்?

எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களுக்கென்றே லூக்காஸ்–லெமர் சோதனை என்று ஒன்று உண்டு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே மறுபடி செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் போதும். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

2^5 − 1, அதாவது 31-க்குப் போட்டுப் பாருங்கள்: 4, 14, 8, 0. மூன்றே படி, பகா எண். 2^11 − 1 = 2047-க்கு ஒன்பதாவது படியில் 1736 வரும். எனவே அது பகு எண். 23 × 89 என்பது இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை, கவனித்தீர்களா? 1277-க்கு 1275 படிகள். சாதாரணக் கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

1277 பகா எண்தானே, அப்புறம் ஏன் இப்படி?

11 என்ற எண்ணும் பகா எண்தான், ஆனாலும் 2^11 − 1 பகு எண் என்று மேலே பார்த்தோம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும். ஆனால் அடுக்கு பகா எண் என்பதால் விடையும் பகா எண் ஆகிவிடாது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

ஆம். 2^67 − 1 பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் 1876-இல் காட்டினார். காரணிகள் கிடைத்தது 1903-இல். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. இடையில் 27 ஆண்டுகள்! அந்த விடைக்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டதாக அவர் சொன்னார் என்று ஒரு கதை உண்டு.

ஒளிந்திருக்கும் காரணிகளைப் பற்றி ஏதாவது தெரியுமா?

நிறையவே தெரியும். ஒவ்வொரு பகாக் காரணியும் 2554-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே. முழு எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே காரணிகளில் ஒன்றுக்காவது மீதி 7 இருந்தே தீரும். எல்லாமே 1 என்றால் பெருக்கலும் 1-தானே தரும்? இது வர்க்க எண் அல்ல என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1.

சூப்பர் கம்ப்யூட்டரால் முடியாதா?

320 இலக்கம் கொண்ட 2^1061 − 1-ஐ 2012-இல் பிரித்தார்கள். 143 இலக்கக் காரணி ஒன்று, 177 இலக்கக் காரணி ஒன்று. இன்னும் 65 இலக்கம்தானே என்று தோன்றும். ஆனால் எண் சற்று நீண்டாலே வேலை பல மடங்காகப் பெருகும்.

நான் வீட்டிலிருந்தே தேடலாமா?

தாராளமாக. பெரிய எண்களின் காரணிகளைத் தேடும் வழிகளில் ஒன்றான நீள்வளைவரை முறைக்கு (elliptic curve method) இலவச மென்பொருள் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு வளைவரையும் தனித்தனி முயற்சி. நேற்று ஆயிரம் வளைவரை பொய்த்திருந்தாலும் இன்று நீங்கள் போடும் ஒன்றில் காரணி அகப்படலாம். அகப்பட்டது சரியா என்று பார்க்க, ஒரே ஒரு வகுத்தல் போதும்.