தமாலெஸ் கேள்வி பதில்: மாவு, சுண்ணாம்பு, பன்றிக் கொழுப்பு

எனக்கு 5 வயதில் அப்பாவின் வேலைக்காக மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்குக் குடிபோனோம். கீழ்வீட்டுப் பாட்டியை அவர் பேரப்பிள்ளைகளைப் போல நானும் 'அபுவேலா' என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு பிப்ரவரி 1ஆம் தேதியும் அவர் வீட்டு மேசையில் மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மடலை விரித்து மாவு தடவி வளர்ந்தவள் நான். மறுநாள் கந்தெலாரியா திருநாள். ஜனவரி 6 அன்று வெட்டும் ரொட்டியில் யாருடைய துண்டில் குட்டிப் பொம்மை வருகிறதோ, கந்தெலாரியா அன்றைக்கு அவர்தான் எல்லோருக்கும் தமாலெஸ் தர வேண்டும். மக்காச்சோள மாவை மடலிலோ இலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. ஒன்று என்றால் தமால், பல என்றால் தமாலெஸ். கேளுங்கள்.

திருச்சியிலிருந்து: கார்ன் ஃப்ளோர் வைத்துச் செய்யலாமா?

முடியாது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது வெறும் ஸ்டார்ச். அதை வேகவைத்தால் களிதான் வரும்.

தமாலின் உயிர் சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம். 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்புத் தூள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, அப்படியே இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் இரண்டு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாக அலசி அரைத்தால் அதுதான் மாசா. சுண்ணாம்பில் வேகாத சோளத்தை எவ்வளவு அரைத்தாலும் மாவு ஒட்டிச் சேராது, அந்த மண்வாசனையும் வராது.

இன்னொன்றும் உண்டு. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமினை நம் உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிப்பது இந்தச் சுண்ணாம்புதான். ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. அபுவேலா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் சுண்ணாம்பு போட மறந்த சோளத்தைக் கோழிக்குத்தான் போடுவார்.

மதுரை வாசகி: வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஆகுமா?

பொருள் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. நிறமோ வாசனையோ சேர்க்காததாக இருக்க வேண்டும். உணவுக்கென்று விற்கும் தூள் கிடைத்தால் அதுவே நல்லது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் நீற்றாத சுட்ட சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.

ஸ்வீட் கார்ன்?

அது வேறு பண்டம். பச்சைக் கதிரை அரைத்து மெக்சிகோவின் மிச்சோவாகான் பகுதியில் 'உச்செபோ' செய்வார்கள். சுவையாக இருக்கும், ஆனால் மாசா இல்லை.

வட இந்தியக் கடையில் வாங்கிய மக்கி ஆட்டா?

அதிலும் சுண்ணாம்பு இல்லை. ஆகாது. மாசாவை உலர்த்திப் பொடித்த மாவை 'மாசா ஹரினா' என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு குழந்தைகளின் அம்மா: பிள்ளைகளையும் சேர்த்துச் செய்ய ஆசை. எந்த வேலையைக் கொடுக்கலாம்?

தடவும் வேலையைக் கொடுங்கள். வெந்நீரில் ஊறிய மடலின் வழவழப்பான பக்கத்தில் மாவைக் கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தடவ வேண்டும். முதல் பத்து கோணலாக வரும், வரட்டும். எங்கள் மேசையில் என் இடம் அபுவேலாவின் வலதுபக்கம். நான் தடவ, அவர் பச்சைத் தக்காளிச் சாந்தில் புரட்டிய கோழியை வைக்க, அவர் மகள் மடிப்பார். வீட்டில் யாராவது கோபமாக இருந்தால் தமாலெஸ் வேகாது என்பது அங்கே பலருடைய நம்பிக்கை. அதனால் அன்று எங்களை யாரும் திட்ட மாட்டார்கள்.

பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயம் போடுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை கடகடவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, வெந்நீர் ஊற்ற வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பதும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைதான்.

சென்னை வாசகர்: பன்றிக் கொழுப்பு இல்லாமல் செய்தால் அது தமாலே கிடையாது. சைவத் தமாலெஸ் என்று எழுதுகிறவர்களை நீங்களாவது திருத்துங்கள்.

திருத்த மாட்டேன். பன்றி அந்த நாட்டுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடுதான். தமாலி என்பது அந்த நாட்டுப் பழங்குடிகளின் நாவா மொழிச் சொல், பன்றிக்கு வெகுகாலம் மூத்தது.

அதே வாசகர்: பழைய கதை வேண்டாம். இன்று மெக்சிகோவில் கொழுப்பு போடாமல் யார் செய்கிறார்கள்?

பெரும்பாலோர் போடுகிறார்கள், சரி. ருசிக்காக மட்டும் இல்லை. கெட்டிக் கொழுப்பை வெண்ணெயாய் வெளுக்கும்வரை அடித்தால் காற்றைப் பிடித்துக்கொள்ளும், தமால் பஞ்சாக வரும். 1 கிலோ மாசாவுக்கு 300 கிராம் வரை போடுவார்கள். ஒரு துளி மாவைக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்க வேண்டும். திரவ எண்ணெய் காற்றைப் பிடிக்காது. ஆனால் வெண்ணெயும் உறைந்த தேங்காய் எண்ணெயும் பிடிக்கும்.

என் அம்மா சைவம். முதல் வருடம் அபுவேலா மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்த தமாலெஸைத் தட்டு நிறையக் கொண்டுவந்தார். உள்ளே கறி இல்லை, மாவில் கொழுப்பு இருந்தது. அம்மா தயங்கியபடி சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து அம்மாவுக்கென்று வெண்ணெய் போட்டுத் தனியாக ஒரு சட்டி அடித்தார். அம்மாவுடையது எது என்று தெரிய, அதன் முடிச்சை மட்டும் இரட்டையாகக் கட்டுவார். அந்த இரட்டை முடிச்சுப் பொட்டலம் தமால் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

சேலம்: அப்படியானால் கொழுப்பே இல்லாமல்?

கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், உண்ணலாம். ஸ்பானியர்களுக்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் 8 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு திருநாளில் உப்பும் மிளகாயும் இல்லாத வெறும் தண்ணீர்த் தமாலெஸ் உண்டார்கள். மிளகாயாலும் உப்பாலும் சுண்ணாம்பாலும் நாம் படுத்தும் மக்காச்சோளத்துக்கு ஓய்வு கொடுக்க என்று 16ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஸ்பானியரான சஹாகூன் பாதிரியார் பதிவு செய்திருக்கிறார்.

சென்னை வாசகர்: ஆக நான் சொன்னது தவறு என்கிறீர்களா?

உங்கள் நாக்குக்குக் கொழுப்புதான் சரி. மற்றவர் இலைக்குள் இருப்பதற்குப் பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஓசூர்: கார்ன் ஃப்ளோரோடு ரவை கலந்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

சர்க்கரை நோயாளி எத்தனை சாப்பிடலாம்?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

நாகர்கோவில்: மடல் கிடைக்கவில்லை. வாழை இலை?

தாராளமாக. மெக்சிகோவின் வஹாகாவிலும் தெற்கிலும் அதுதான் வழக்கம். நரம்பை நீக்கி, அடுப்புத் தீயில் காட்டி வாட்டுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது கிழியும். ஒன்றேகால் மணி நேரம் ஆவியில் வேகட்டும். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மாவு ஒட்டாமல் இலையை விட்டு வந்தால் அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் மூடியே வைத்திருந்து எடுங்கள்.