லினக்ஸில் சூடோ எதற்கு? நேராக ரூட்டாகவே நுழைந்தால் என்ன?

சாதாரணக் கணக்கில் இருப்பவர் குறிப்பிட்ட கட்டளையை மட்டும் நிர்வாகி உரிமையோடு ஓட்ட உதவும் நிரல்தான் சூடோ. ரூட் என்பது எல்லா உரிமையும் கொண்ட நிர்வாகிக் கணக்கு, பொதுவாக அதை எதுவும் தடுக்காது. அழிக்கும் கட்டளையில் ஒரு இடைவெளி தவறாக விழுந்தாலே மொத்தக் கோப்புகளும் போய்விடலாம். ஐந்து பேர் ஒரே ரூட் கடவுச்சொல்லை வைத்திருந்தால் யார் செய்தது என்றும் தெரியாது. சூடோ பெயரோடு பதிவு செய்கிறது.

வேலைக்கு வருபவரிடம் சாவிக்கொத்தைத் தராமல் மாடி அறைச் சாவியை மட்டும் தருவது போலத்தான் இது. யாருக்கு எந்தக் கட்டளைக்கு அனுமதி என்று எழுதிவைக்கும் சூடோயர்ஸ் கோப்பில், ஒருவர் பிரிண்டர் சேவையை மறுபடி தொடங்க மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் விம் போன்ற எடிட்டருக்கு அனுமதி தந்துவிடாதீர்கள். அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல்லை, அதாவது எந்தக் கட்டளையையும் ரூட்டாக ஓட்டும் இடத்தை, திறந்துவிடலாம். அப்புறம், சூடோயர்ஸ் கோப்பை அதற்கென்றே உள்ள விசூடோ என்ற நிரல் மூலமே திருத்துங்கள், எழுதிய முறையில் பிழை இருந்தால் எச்சரிக்கும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் சூடோ கேட்பது ரூட்டின் கடவுச்சொல்லை அல்ல, உங்களுடையதைத்தான்.