பிறந்த குழந்தையின் பாதம் உள்ளே வளைந்திருக்கிறது. பிளாஸ்டர் போட்டால் போதுமா, பெரிய ஒபரேஷன் வேண்டுமா?

எங்கள் மகனுக்கு இரண்டு பாதமும் அப்படித்தான் இருந்தன. பெரிய ஒபரேஷன் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தாயிடம் முதலில் கேட்பது, "கிரகணத்துக்கு வெளியால போனனியோ?" என்பதுதான். மனைவி அழுதே ஓய்ந்துபோனாள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி வரும், தாய் செய்த எதுவும் காரணமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் கொஞ்சம் தெளிந்தாள். "முப்பத்தொண்டு கழியட்டும்", அதாவது பிறந்து முப்பத்தொரு நாள் போகட்டும் என்றார் மாமி. நாங்கள் கேட்கவில்லை, இரண்டாம் கிழமையே கிளினிக் போனோம்.

பொன்செட்டி முறை என்பார்கள். கிழமைக்கு ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்ல நிமிர்த்தி, தொடையிலிருந்து விரல் வரை பிளாஸ்டர் போடுவார்கள். எங்களுக்கு ஆறு தடவை. கிளினிக் நாளில் விடியவே பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துக் காலை ஊறவிடுவோம். தண்ணீர் பால்போல வெளுக்கும், பிள்ளை வீறிடுவான், நான் பிளாஸ்டர்த் துணியின் நுனியைத் தேடிக்கொண்டிருப்பேன். வீட்டில் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நீலம் பாரித்தாலோ, பிளாஸ்டர் வழுவி விரல் உள்ளே போனாலோ உடனே கொண்டு ஓடுங்கள். அப்புறம் குதிக்கால் நாணில் ஒரு சின்ன வெட்டு, 3 கிழமைக்குக் கடைசிப் பிளாஸ்டர். சரி, அது முடிந்தது.

கஷ்டம் அடுத்து வரும் சப்பாத்தில்தான். பாதம் திரும்பவும் வளையாமல் இருக்க, இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் பூட்டிப் போடுவார்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது மட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வீடு நிறையச் சனம் வந்திருந்தது. "ஐயோ பாவம், பிள்ளைக்கு விலங்கோ?" என்றார்கள். எங்களுக்கும் மனம் இளகிவிட்டது. கொடியேற்றத்துக்குக் கழற்றியதைத் தீர்த்தம் முடிந்தும் போடவில்லை. இடது பாதம் திரும்பவும் உள்ளே வளையத் தொடங்கியது. கிளினிக் மிஸ்ஸி (தாதி) ஏசவில்லை, "எத்தினை நாள் போடேல்லை?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காலுக்கு இன்னும் இரண்டு பிளாஸ்டர்.

இப்போது 6 வயது. கெண்டைக்கால் கொஞ்சம் மெலிவு, ஓட்டத்தில் ஒரு குறையுமில்லை.

சப்பாத்துப் போட்ட முதல் நாட்களில் கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், பழகிவிடும். கம்பியில் பழைய சாரத் துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவரின் மூக்குக்கு நல்லது.