ஒப்பந்த வேலை ஆபீஸுக்கு எந்த பிரிண்டர்?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் ரூம் பிடித்துவிட்டீர்கள், ஊராட்சி வேலையும் வீடு கட்டும் வேலையும் எடுக்கப்போகிறீர்கள், இங்க் டேங்க் பிரிண்டரா லேசரா என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளை லேசரே போதும். நம் தொழிலில் பத்து நாள் ஒரு தாளும் ஓடாது, டெண்டர் வந்தால் ஒரே ராத்திரியில் கட்டுக்கட்டாக ஓடும். சும்மா கிடந்தால் இங்க் ஹெட் காய்ந்து கோடு கோடாக விழும். லேசரில் போடும் டோனர் வெறும் தூள், காயாது. ஆனால் லேசரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கிற இழுப்பில் சின்ன யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிடும்.

கம்ப்யூட்டர் என்றால் லேப்டாப், சைட்டுக்கும் தூக்கிப் போகலாம். இ-டெண்டருக்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென் டிரைவ் மாதிரி செருகுவது) வேண்டும். அது காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஃபைல். ஊராட்சி வேலையைத் தனிநபர் பெயரில் எடுத்தால் பில்லில் வருமான வரி 1 சதவீதம், அரசு ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி 2 சதவீதம் பிடித்துத்தான் தருவார்கள். பிடித்ததைக் கணக்கில் திரும்ப எடுக்க, வேலைக்கு ஒரு ஃபைல் போட்டு எம்-புக் (முடித்த வேலையின் அளவைக் குறிக்கிற புத்தகம்) பக்கத்தின் நகலையும் அதிலேயே சொருகுங்கள்.

மேசையை மேற்கு ஜன்னலோரம் போடாதீர்கள், ஆடிக் காற்று சிமெண்ட் பில்லைத் தாமிரபரணிக்கே கொண்டுபோய்விடும். ஏசி முதல் பில் பாஸான பிறகு பார்க்கலாம்.