கிரைண்டிங் துகள் கண்ணில்: காந்தம் வேண்டாம், இன்றே டாக்டரிடம் போங்க

தம்பி, நேத்து சாயங்காலம் கேட் பிரேமுக்கு கிரைண்டிங் போட்டப்போ வலது கண்ணுல தூசி விழுந்து, கழுவியும் இமைக்கும்போதெல்லாம் குத்துதுன்னு எழுதியிருக்கீங்க. பட்டறைக்காரர் காந்தம் வச்சு எடுக்கச் சொல்றதைத் தயவுசெஞ்சு கேக்காதீங்க.

வெல்டிங் வெளிச்சம் அடிச்சிருந்தா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சில மணி நேரம் கழிச்சு மணல் கொட்டின மாதிரி எரியும். உங்களுக்கு ஒரு கண்ணுல, ஒரே இடத்துல குத்துது. இரும்புத்துகள் கருவிழியில பதிஞ்சிருக்கலாம். பட்டறையில பறக்கும்போது அது சூடா இருக்கும், அதனால ஒட்டிக்கும். ஒரு நாளுக்குள்ளயே சுத்தி துரு வளையம் வந்துடும். துகளை எடுத்தாலும் அந்தத் துரு நிக்கும். கண் டாக்டர் மரப்புச் சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்ப்ல (கண்ணைப் பெரிசாக்கிக் காட்டுற கருவி) பாத்துக்கிட்டே ஊசி முனையால ரெண்டையும் எடுப்பார். இன்னைக்கே போங்க. கசக்காதீங்க, துணி முனையால தொடாதீங்க. மரப்புச் சொட்டை வாங்கி வீட்டுல விடாதீங்க, புண் ஆறாது.

பார்வை மங்கினா, கண்மணி வட்டமா இல்லாம இழுத்த மாதிரி தெரிஞ்சா, துகள் உள்ளே போயிருக்கலாம். கண்ணை அழுத்தாம பேப்பர் கப்பால மூடி உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. எம்ஆர்ஐ (பலமான காந்தத்தால எடுக்குற ஸ்கேன்) எடுக்கச் சொன்னா இரும்பு விஷயத்தை முதல்ல சொல்லிடுங்க.

இனிமே, பக்கம் மூடின காகிள்ஸ், அதுக்கு மேல பேஸ் ஷீல்டு. கழட்டுறதுக்கு முன்னாடி குனிஞ்சு புருவத்தையும் முடியையும் தட்டிவிடுங்க. அங்கே தங்கின தூசியும் கண்ணுல விழும்.