கேள்வி – பதில்: கதையை யார் கண்ணால் பார்ப்பது?

கேள்வி: கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, மொழிநடை எனச் சிறுகதையின் கூறுகளை வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் எழுத உட்காரும்போது எதை முதலில் தீர்மானிப்பது என்று தெரியவில்லை. இவற்றுள் எது முக்கியமானது?
– உயர்தர வகுப்பு மாணவி, சாவகச்சேரி

பதில்: நீங்கள் படித்தவை எல்லாம் எழுதி முடிந்த கதையைப் பிரித்து ஆராய்வதற்கு உதவும் பெயர்கள், எழுதும்போது அவை அந்த வரிசையில் வந்து நிற்பதில்லை. என்னைக் கேட்டால், கரு மனத்தில் விழுந்ததும் அடுத்ததாக முடிவுசெய்ய வேண்டியது நோக்குநிலையே. கதையை யாருடைய கண்ணால் பார்த்து, யாருடைய வாயால் சொல்வது என்பது தெளிவானால் மற்றவற்றிற் பாதி தாமாகவே தெளிந்துவிடும்.

1990 இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்த ஒரு மூதாட்டி, இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்டபின் பேரனுடன் வந்து தன் வளவைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு இல்லை, தூர்ந்துபோன கிணறு மட்டும் இருக்கிறது. இதைப் பேரனின் கண்ணாற் சொன்னால், அது பற்றை மண்டிய வெறும் நிலம். வெயில் சுடுகிறது, வந்த ஓட்டோ ஒழுங்கையில் நிற்கிறது, அம்மம்மா ஏன் ஒரே இடத்தில் குனிந்து மண்ணைக் கிளறுகிறார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவர் கையில் அகப்பட்ட சீமெந்துத் துண்டு, உடுப்புத் தோய்க்கும் கல்லின் ஒரு மூலை என்று அவன் அறிந்துகொள்ள எடுக்கும் நேரமே கதைப்பின்னல் ஆகிவிடும். அம்மம்மாவின் கண்ணாற் சொன்னாலோ கிணற்றில் நீர் இறைக்கும் துலா நின்ற இடமும், மரக்கிளைகளை நட்டு வளர்த்த கதியால் வேலியும், வீட்டின் பின்புறமான கோடிப்புறத்துப் பலாவும் முதல் வரியிலேயே உயிரோடு நிற்கும். அங்கே அறிய வேண்டிய புதிர் எதுவும் இல்லை. ஆகையால் கதையை நகர்த்த வேறொன்று, இந்தக் காணியை இனி யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வி போன்ற ஒன்று, வேண்டியிருக்கும். கரு ஒன்றுதான், ஆனால் கதைகள் இரண்டு.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915 இல் வெளிவந்தது. அதில் கதை சொல்வது மரம். நின்ற இடத்தை விட்டு அசைய முடியாத ஒன்றைக் கதைசொல்லியாக்கியதால், அது பார்க்கவும் கேட்கவும் கூடியவற்றுக்கு இயல்பாகவே ஓர் எல்லை வந்துவிடுகிறது. கதையின் நாயகி ருக்மிணியின் துயரைப் பார்த்தும் தடுக்க இயலாத ஒரு சாட்சியாக மரம் நிற்பதால், அந்த எல்லையே கதையின் வேதனையாகவும் மாறுகிறது. நோக்குநிலையை வெறும் உத்தியாகக் கருதுபவர்கள் இந்தக் கதையை மீண்டும் ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும்.

களம், பாத்திரம் பற்றித் தனியே அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்ப்பவரின் கண்ணிற் படாத எதையும் களவருணனையாக நுழைக்காதீர்கள். பேரன் கதியாலின் பெயரைக்கூட அறியமாட்டான்.

கேள்வி: பாத்திரங்களை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழிற் பேசவிட்டால் பிற ஊர் வாசகருக்கு விளங்காது என்கிறார்களே?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இது இங்கு பழைய விவாதம். 1960களில் பேச்சுமொழியை இலக்கியத்திற் கையாள்வதை ‘இழிசனர் வழக்கு’, அதாவது தாழ்ந்தோரின் பேச்சு, என்று மரபுவாதிகள் சாடினர். முற்போக்கு எழுத்தாளர்கள் அதை எதிர்த்து வாதிட்டனர். உழைக்கும் மக்களின் வாழ்வை அவர்களுடைய மொழியிலேயே எழுதியவர்கள் அன்று எடுத்த முடிவு சரியானதென்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். “இஞ்சைதான் ராசா துலா நிண்டது” என்று அம்மம்மா சொல்வதை “இங்குதான் துலா நின்றது” என்று திருத்தினால், பொருள் மாறாது. ஆனால் பேசுகிறவர் காணாமற் போய்விடுவார்.

எனினும் உரையாடல் வேறு, கதைசொல்லியின் மொழி வேறு. படர்க்கையிற் சொல்லும்போது விவரிப்பை எழுத்துத்தமிழில் வைத்து, பேச்சை மட்டும் பேச்சாக விடலாம். மூதாட்டியே தன்மையிற் கதை சொல்வாராயின் விவரிப்பும் அவர் மொழியில் அமைவதே பொருந்தும். அதைப் பாதியில் மாற்றக் கூடாது. விளங்காத சொல்லுக்கு அடிக்குறிப்புப் போடுவதை நான் விரும்புவதில்லை. துலாவில் யாரோ ஏறி மிதிக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவதாக ஒரு வரி எழுதினால், மட்டக்களப்பு வாசகருக்கும் மதுரை வாசகருக்கும் அது என்னவென்று விளங்கிவிடும்.