பழைய மோரிஸ் மைனருக்கு மின்சார வேகமானி பொருத்தலாமா?

கேள்வி: ஐயா, தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்த என் தந்தையார் விட்டுச்சென்ற 1963ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். சில மாதங்களாக வேகம் 30 மைலைத் தாண்டினால் வேகமானியின் முள் நடுங்குகிறது; டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சொலியும் வருகிறது. பட்டறைக்காரர் கேபிளை எடுத்துவிட்டு மின்சார மீட்டர் போட்டுவிடலாம் என்கிறார். சென்சாருடன் வருவது, ஜி.பி.எஸ். மூலம் இயங்குவது என இரண்டு வகை விற்பனையில் உள்ளன. எதை வாங்குவது? ஒயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பணத்தைச் செலவழிப்பதற்கு முன், கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் காரின் பழைய மீட்டருக்குள் கேபிளோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் காந்தத்தின் இழுப்பால் திரும்ப முயல, மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. முள் நடுங்கினால் பெரும்பாலும் குற்றம் கேபிளுடையதே தவிர மீட்டருடையது அன்று. உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, சமமான மேசைமீது உருட்டுங்கள். வளைவு இருந்தால் அந்த இடத்தில் கம்பி துள்ளும். அப்படியானால் புதிய கேபிள் போட்டால் போதும். நேராக இருந்தால் மெல்லியதாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். மீட்டருக்குள் நுழையும் முனையில் சில அங்குலங்களுக்கு கிரீஸ் வேண்டாம். அது மெல்ல மேலேறி அந்தக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் நல்ல மீட்டரும் கெட்டுவிடும்.

இவ்வளவு செய்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றாலோ, காரின் கியர்பாக்ஸ் ஏற்கெனவே வேறொரு காருடையதாக மாற்றப்பட்டிருந்தாலோ மின்சார வேகமானியைப் பற்றி யோசிப்பது நியாயம். அப்போதும் ஒன்றை மறக்க வேண்டாம். மைனர் 1000இன் நடுவட்டத்தில் இருப்பது வேகமானி மட்டுமன்று. பெட்ரோல் அளவுகாட்டியும், எண்ணெய் அழுத்தம், சார்ஜ், ஹைபீம் ஆகியவற்றுக்கான சிறுவிளக்குகளும் அதே முகப்புக்குள் அமைந்துள்ளன. அழகான புதிய மீட்டரை வாங்கி வந்து பழையதைக் கழற்றிய பிறகுதான் பலருக்கும் பெட்ரோல் முள் எங்கே என்ற கேள்வி எழுகிறது. பழைய முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மின்னணு இயக்கத்தைப் பொருத்தித் தரும் மீட்டர் பழுதுபார்ப்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். செலவு கூடுதல்தான், ஆனாலும் என் விருப்பம் அதுவே.

இரு வகைகளில் ஜி.பி.எஸ். மீட்டரைப் பொருத்துவது எளிது. அது செயற்கைக்கோள்களிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவதால் கியர்பாக்ஸோ டயர் அளவோ அதற்கு ஒரு பொருட்டன்று. ஆனால் காரைக் கிளப்பியதும் சிக்னல் கிடைக்கச் சற்று நேரம் பிடிக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே நெடுஞ்சாலையிலுள்ள மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்தால் முள் விழுந்துவிடக்கூடும். செம்பனை அடர்ந்த மண்சாலையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது அது காட்டும் வேகம் சற்றுப் பின்தங்கியே வரும். தோட்டச் சாலையில் அன்றாடம் ஓட்டுபவருக்குச் சென்சார் வகையையே பரிந்துரைப்பேன். சுழற்சியை மின்துடிப்புகளாக மாற்றி மீட்டருக்கு அனுப்பும் அந்தச் சென்சாரை, கியர்பாக்ஸில் கேபிள் திருகப்பட்டிருந்த இடத்திலேயே திருகலாம். மரை அளவு பொருந்த வேண்டும் என்பதால் கடைக்குப் போகும்போது பழைய கேபிளின் நட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கியர்பாக்ஸ் மாற்றப்பட்ட காராக இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டில் எதிரெதிராக இரண்டு காந்தங்களை ஒட்டி, அருகில் சென்சாரை நிறுத்தும் முறையும் உண்டு.

இனிதான் முக்கியமான செய்தி. உங்கள் காலத்து மைனர்களில் பேட்டரியின் நேர்மின் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்று விற்கும் மின்னணு மீட்டர்களோ எதிர்மின் முனை பாடியில் இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. கவனிக்காமல் இணைத்தால் முதல் முறை சாவியைத் திருப்பும்போதே மீட்டர் கருகிவிடக்கூடும். ஆகவே காரை எதிர்மின் எர்த்துக்கு, அதாவது எதிர்மின் முனை பாடியோடு சேரும் முறைக்கு, மாற்ற வேண்டும். அது ஒரு காலைப்பொழுது வேலைதான். பேட்டரியைத் திருப்பி வைக்கும்போது நேர்மின் முனை சற்றுப் பருமனாக இருப்பதால் பழைய கவ்விகள் பொருந்தா, புதியவை வாங்கிவிடுங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய ஒயர்களை இடம் மாற்றுங்கள். பிறகு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் எஃப் (F) முனையிலிருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நேர்மின் முனையிலிருந்து ஓர் ஒயரை எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று முறை தொட்டும் தொடாமலும் வையுங்கள். சிறு பொறி தெறிக்கும். டைனமோவின் காந்தத்திசை அதனால் மாறிவிடும். இதைச் செய்யாமல் இன்ஜினைக் கிளப்பினால் டைனமோ தலைகீழாக மின்சாரம் அனுப்பும். பழைய வானொலி இருந்தால் அதன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின்சார பெட்ரோல் பம்பு பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருந்தால் அது எந்த எர்த்துக்கு உரியது என்பதையும் பாருங்கள்.

மீட்டருக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து, அதாவது பச்சை ஒயர்கள் கூடும் இடத்திலிருந்து எடுக்கலாம். அங்குள்ள 35 ஆம்பியர் ஃபியூஸ் மீட்டரைக் காப்பாற்றாது; இடையில் தனியாக ஒரு சிறிய ஃபியூஸ் வையுங்கள். எர்த்துக்குத் துருப்பிடித்த தகரத்தை நம்பாமல் தனி ஒயர் இழுப்பது நல்லது.

அடுத்தது அளவு திருத்தம். உங்கள் காரின் பழைய ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் உள்ள எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல்கிறது என்பதைச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக அது 1280 என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 795 சுற்று. சென்சார் ஒரு சுற்றுக்கு 4 துடிப்பு தந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3180 துடிப்பு. இந்த எண்ணைப் புதிய மீட்டரில் பதிந்துவிட்டு, போக்குவரத்து குறைந்த வேளையில் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு சோதியுங்கள். முள் மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராக நின்றால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 60 வினாடி, 80இல் நின்றால் 45 வினாடி ஆக வேண்டும். கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பாதகமில்லை. குறைத்துக் காட்டக் கூடாது.

கேள்வி: மின்சார வேகமானி பொருத்திவிட்டேன். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, இன்ஜின் ஓடினால் முள் 20, 30 என்று குதிக்கிறது. மீட்டர் பழுதா?
– அதே ஊரிலிருந்து மற்றொரு வாசகர்

பதில்: மீட்டரைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க முள்ளும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஸ்பார்க் பிளக் ஒயர்களிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலைத்தான் மீட்டர் துடிப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறது. சென்சார் ஒயரைக் காயிலுக்கும் பிளக் ஒயர்களுக்கும் எட்டாத வழியில் கொண்டு செல்லுங்கள். உலோக வலை உறையிட்ட ஒயராக இருந்தால் அந்த உறையை மீட்டர் பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள், இரு முனையிலும் வேண்டாம். அப்போதும் அடங்காவிட்டால் செம்புக்கம்பி பிளக் ஒயர்களை மாற்றி, மின்தடை உள்ளவற்றைப் போடுங்கள்.